மூன்றாம் மாடியில் அவிந்த சரக்கு

பிருந்தாபன் நெருப்புக்குப் பயந்தவன் அல்லன். கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பிரெஞ்சு உணவகத்தில் ஒரே நேரத்தில் ஆறு அடுப்பைக் கட்டி மேய்க்கிறவன். அவனுடைய பயமெல்லாம் விளக்கம் சொல்வதில்தான். யாராவது எதிரே வந்து நின்று "என்ன விசயம்?" என்று கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்து ஒரு விசயத்தைச் சொல்வதைவிடக் கேட்டவரின் கையில் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவது சுகம் என்று நினைக்கிற ஆள். இந்தக் கதையில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம். தயவுசெய்து சீன மருந்தின்மேல் பழியைப் போடவேண்டாம்.

மருந்து அவனுடைய மனைவி நிரோஜினிக்கு. அவள் சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மாதாமாதம் அந்த அலுவலகத்தின் கழிப்பறைத் தரையில் சுருண்டு கிடந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி கதிரையில் போய் உட்காருகிறவள். பொம்பிளையெண்டால் அப்படித்தான் என்று அவளுக்குச் சொன்னவர்களை வரிசையில் நிறுத்தினால் லா சப்பலில் தொடங்கி சென் தெனி வரைக்கும் நிற்பார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மா ஸ்கான் எடுத்துப் பார்த்து வருத்தத்தின் பெயரைச் சொன்னார். ஆந்தோமெத்ரியோஸ். கருப்பைக்குள் வளரவேண்டிய சவ்வு வெளியிலும் வளர்ந்து, உள்ளே இருக்கிற உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற வருத்தம். நிரோஜினி அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தாள். இத்தனை வருடமும் தான் பொய் சொல்லவில்லை என்று ஒருவராவது ஒத்துக்கொண்டாரே என்ற சந்தோசத்தில் வந்த அழுகை அது.

டொக்டரம்மா ஓமோன் குளிசை தந்தார். நோவு பாதி குறைந்தது. மிச்சப் பாதிக்குச் சீன ஊசி வைத்தியம் செய்து பார்க்கலாம் என்று அங்கேயிருந்த தாதி ஒருத்தி சொல்ல, பெல்வில்லில் மதாம் லின்னிடம் போனார்கள். மதாம் லின் நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், ஊசி குத்தினார், வேரும் பட்டையுமாகப் பொட்டலம் கட்டித் தந்தார். எனக்குத் தெரியாமல் ஒரு வேரும் உள்ளே போகக்கூடாது என்றார் டொக்டரம்மா. எனக்குத் தெரியாமல் ஒரு குளிசையும் போகக்கூடாது என்றார் மதாம் லின். ஒருவரையொருவர் கண்டதே இல்லையென்றாலும், நல்ல சம்பந்திகளைப்போல இரண்டு பேரும் நிரோஜினியை நடுவில் வைத்துக் கொண்டு மரியாதையாக விசாரித்துக்கொண்டார்கள். மார்ச் மாதம் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, ஒட்டியதைப் பிரித்தெடுக்கிற ஒப்பரேசன் என்று முடிவானது. சில வேர்கள் இரத்தத்தைக் கட்டவிடாது, ஆகவே இரண்டு கிழமைக்கு முன்னர் கசாயத்தை நிறுத்தவேண்டும் என்பதிலும் இருவருக்கும் ஒரே கருத்து.

இவ்வளவுக்கும் நிரோஜினி புருசனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒப்பரேசனுக்கு முன்னம் நீங்கள் மாமிக்குச் சொல்லோணும்" என்றாள். "பிள்ளையில்லாததுக்கு வயித்தை வெட்டிச்சினம் எண்டு சனம் கதைக்கும். எனக்கு வருத்தம், வருத்தத்துக்குத்தான் வெட்டினது எண்டு மாமிக்காவது தெரிஞ்சிருக்கோணும். நான் சொன்னால் சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பா. நீங்கள் சொல்லுங்கோ."

கலியாணமாகி ஆறு வருடம். பிள்ளை வேண்டுமா என்ற கேள்வியை நோவு முடியட்டும் என்று இருவரும் ஒத்திவைத்திருந்தார்கள். சனம் ஒத்திவைக்கவில்லை. கோயிலில், கடையில், கொண்டாட்டத்தில், எங்கே போனாலும் நிரோஜினியின் முகத்தைப் பார்க்க முன்னர் வயிற்றைத்தான் பார்ப்பார்கள்.

பிருந்தாபனின் தாய் கலாவதி அப்போது ரொறன்ரோவில் இருந்தார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போய் எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் பிருந்தாபன் தொலைபேசி எடுப்பான். "அம்மா, ஒரு விசயம்..." என்று தொடங்குவான். "என்ன விசயம்?" என்று தாய் கேட்பார். "அங்கை குளிரோ?" என்று முடிப்பான். ரொறன்ரோவின் குளிர் பற்றி அவனுக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை. தாய் பியர்ஃபித்திலுள்ள வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகும், நேரில் பார்த்துச் சொல்லுவோம் என்று மனதுக்குள் தவணை வாங்கிக்கொண்டான்.

ஆனால் கசாயம் காய்ச்சுவதில் அவனை அடிக்க ஆளில்லை. உணவகத்தில் எலும்புச் சாறு வற்றவைக்கிற பொறுமையோடு, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக் காய்ச்சுவான். மணம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. ஈர மண்ணும் கறுவாவும் பழைய சப்பாத்தும் சேர்ந்த மணம். அது சமையலறை யன்னலால் இறங்கி, லா சப்பலில் இவர்கள் குடியிருந்த ரூ பெர்தொனே தெரு முழுக்க உலாவியது. கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிற குணரத்தினத்தார் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் பிருந்தாபனை வழிமறித்தார்.

"தம்பி, மேலை என்ன அவியுது?"

விளக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. கருப்பை, சவ்வு, ஓமோன், மதாம் லின் எல்லாம் பிருந்தாபனின் தொண்டைக்குள் வந்து நெருக்கியடித்து நின்றன. வெளியில் வந்தது ஒரே சொல்.

"சரக்கு, அண்ணை."

யாழ்ப்பாணத்தாருக்கு வீட்டில் சரக்கு அவிகிறதென்றால் ஒரே அர்த்தம்தான். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் திப்பிலியும் உள்ளிப்பூண்டும் அரைத்துக் காய்ச்சிக் கொடுக்கிற பத்தியச் சரக்கு. குணரத்தினத்தாரின் கண் விரிந்தது. நிரோஜினியைக் கொஞ்சக் காலமாகத் தெருவில் காணவில்லை. நோவு கூடி அவள் வீட்டிலிருந்தே வேலை செய்வது அவருக்குத் தெரியாது. கண்ட நாட்களிலும் தடித்த குளிர்க் கோட்டுக்குள்தான் கண்டார். ஒருநாள் கோட்டுப் பொத்தான் பூட்டமுடியாமல் வயிறு தள்ளியிருந்ததையும் கண்டார். அந்த வருத்தத்துக்கு வயிறு ஊதும் என்பதை அவருக்கு யார் சொன்னது? கண்ணூறுக்குப் பயந்து ஒளித்துப் பெற்றிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, "சந்தோசம் தம்பி, சந்தோசம்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கி ஒரு பை உள்ளியையும் கொடுத்தார். ஏதோ நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு பிருந்தாபன் உள்ளியோடு படியேறினான்.

இரண்டாம் மாடியில் அவனை மறித்தவர் லூர்துசாமி. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டி கட்டுகிற மனிதர்.

"முசே பிருந்தாபன், மேல என்ன காய்ச்சறீங்க? படிக்கட்டு பூரா வாசம்."

ஒருதரம் வேலை செய்த சொல்லை இன்னொருதரம் பாவிப்பதில் என்ன பிழை? "சரக்கு, முசே" என்றான் பிருந்தாபன்.

லூர்துசாமி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பாண்டிச்சேரிக்காரருக்குச் சரக்கென்றால் போத்தலில் வருவது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்லயேவா?" என்று கேட்டார்.

"ஓம், நானேதான்."

அன்று மாலை லூர்துசாமி கதவைத் தட்டினார். கையில் துடைத்து மினுக்கிய சின்னக் கண்ணாடிக் கிண்ணம். "சும்மா, ருசி பாக்கத்தான். ஊரை விட்டு வந்து நாப்பது வருஷமாச்சு" என்றார். இது மனைவியின் மாதவிடாய் நோவுக்கான மருந்து என்று அந்தக் கழுத்துப்பட்டிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பிருந்தாபன் கிண்ணத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தான். லூர்துசாமி ஒரே மடக்கில் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபோர்" என்றார், மிகவும் கடுமை என்பதற்கு. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "ஆனா ஏறல" என்று கவலையோடு சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அறையிலிருந்து நிரோஜினி கேட்டாள். "ஆரது?"

"லூர்துசாமி. சும்மா வந்தவர்."

"மாமிக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"இந்தச் சனிக்கிழமை போய்ச் சொல்லுறன்."

சனிக்கிழமை அவன் போகவேண்டியிருக்கவில்லை. குணரத்தினத்தாரின் வாயிலிருந்து புறப்பட்ட செய்தி சென் தெனிச் சந்தையில் மீன் வாங்க நின்ற யாரோ வழியாகக் கலாவதியின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்த மகனுக்குப் பிள்ளை பிறந்ததை மீன் வரிசையில் நின்று கேட்ட ஒரு தாயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கோபம் ஒரு பக்கம், சந்தோசம் மறுபக்கம். சந்தோசம்தான் வென்றது. ரொறன்ரோவில் மகளுக்கு அரைத்து மிஞ்சிய சரக்குத் தூள், பால்சுறா, முருங்கையிலை, நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ரயில் ஏறி, மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்து மணியை அடித்தார்.

பிருந்தாபன் கதவைத் திறந்தான். தாய் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, முதல் வேலையாகக் கையைக் கழுவினார்.

"உன்னோடை பிறகு கதைக்கிறன். பிள்ளை எங்கை?"

தாய் மருமகளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவது. ஆகவே பிருந்தாபனுக்கு இது விளக்கம் தேவைப்படாத கேள்வி. நிம்மதியாகப் பதில் சொன்னான்.

"அறைக்குள்ளை படுத்திருக்குது அம்மா."

கலாவதி நுனிக்காலில் நடந்து போனார். மெல்லக் கதவைத் தள்ளினார். கட்டிலில் நிரோஜினி சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கலாவதி குனிந்து அவளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். நிரோஜினி கண்ணைத் திறந்தாள்.

"மாமி! என்ன தேடுறியள்?"

"பிள்ளையை."

நிரோஜினி விளங்காமல் பார்த்தாள். பிறகு மாமியின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். சரக்கு மணம் அவளுக்குத் தெரியாததா? சுவரில் சாய்ந்து நின்ற புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லேல்லை" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பிருந்தாபனுக்கு இன்னும் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவனுக்கு வெட்கமாக இருந்தது, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கொடுத்து அனுப்புவதற்குக் கையில் எதுவும் இல்லை. வாயைத் திறந்தான்.

"அம்மா, பிள்ளை இல்லை. வருத்தம். பெரிய வருத்தம்." அதற்குமேல் வராது என்று அவனே நினைத்தான், ஆனால் வந்தது. "பால் பொங்கினால் பானைக்குள்ளைதானே பொங்கோணும்? இவளுக்குப் பானைக்கு வெளியிலையும் பொங்கி, அடுப்பு, சுவர் எல்லாத்திலையும் காய்ஞ்சு ஒட்டிப்போச்சு. மாதாமாதம் பொங்குது. உரிச்செடுக்கிறதுக்கு அடுத்த மாதம் ஒப்பரேசன். குளிசையும் குடிக்கிறாள், சீன ஊசியும் குத்துறாள். நீங்கள் கேள்விப்பட்ட சரக்கு சீனச் சரக்கு. நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்கோணும், பயத்திலை சொல்லேல்லை."

கலாவதி கட்டில் நுனியில் இருந்தார். பை மடியிலேயே இருந்தது.

"எப்ப தொடக்கம் பிள்ளை?"

"சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான நாள் தொடக்கம் மாமி."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"எல்லாருக்கும் சொன்னனான். எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டிச்சினம். உங்களுக்கும் சொன்னனான். ஒரு பெரோல் குளிசையைப் போட்டிட்டு எழும்பு பிள்ளை, ஆக்கள் வருகினம் எண்டனீங்கள்."

கலாவதிக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கவேண்டும். எழுந்து சமையலறைக்குப் போனார். பானையின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அகப்பையால் கிளறி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிருந்தாபன் வாசலில் நின்று நகம் கடித்தான்.

"உது கறுவா" என்றார் கடைசியில். "உது இஞ்சி. உது அதிமதுரம். மற்றது என்ன கோதாரியோ தெரியாது. ஆர் உந்தச் சீனத்தி? என்னைக் கூட்டிக்கொண்டு போ."

பெல்வில்லில் நடந்த சந்திப்பைப் பற்றிப் பிருந்தாபன் இன்றைக்கும் வியந்து வியந்து சொல்வான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாசையும் கிடையாது. மதாம் லின்னின் பிரெஞ்சு பாதி, இவனுடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. மதாம் லின் குளிர்ந்த சாப்பாடு கூடாது என்றார். கலாவதி மருமகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டனியோ? ஐஸ்கிரீம் வேண்டாம் எண்டு நான் சொல்லேக்கை சிரிச்சனீ" என்றார். காலை ஈரத்தில் வைக்கக்கூடாது என்றார் மதாம் லின். அதற்கும் ஒரு தட்டு. இஞ்சி நல்லது என்று மதாம் லின் சொன்னபோது கலாவதி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். வந்த கையோடு தன் நாக்கையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பினார். ஒப்பரேசன் முடியும்வரை கசாயம் நிறுத்தம் என்று மதாம் லின் கைகாட்டிச் சொன்னதும் அவருக்கு விளங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பானையைக் கழுவிக் கவிழ்த்தார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் டொக்டரம்மா கட்டிலடிக்கு வந்து, ஒட்டியிருந்ததெல்லாம் பிரித்தாயிற்று, குளிசை தொடரவேண்டும், கசாயம் எப்போது தொடங்கலாம் என்று பிறகு பார்ப்போம் என்றார். கலாவதி மகனின் முழங்கையில் இடித்தார்.

"நான் சரக்குக் குடுக்கலாமோ எண்டு கேள். இவவுக்குத் தெரியாமல் ஒண்டும் குடுக்கக்கூடாது."

பிருந்தாபன் தொண்டையைச் செருமிக்கொண்டான். தாய் முன்னால், மனைவி முன்னால், இந்தமுறை வடிவாக விளங்கப்படுத்துவது என்று தீர்மானித்துவிட்டான். உணவகத்தின் பின்கதவில் லொறியில் வந்து இறங்குகிற சரக்குக்கு என்ன சொல்வார்கள்? மர்ஷாந்தீஸ். தன் தாய் மனைவிக்கு மர்ஷாந்தீஸ் கொடுக்க விரும்புகிறார் என்று நல்ல பிரெஞ்சில், ஒரு பிழையுமில்லாமல் சொன்னான்.

லொறியில் வருவதற்கும் அதே சொல்தான், சந்தி மூலையில் பொட்டலமாகக் கைமாறுவதற்கும் அதே சொல்தான். டொக்டரம்மா பேனாவை மூடினார். பொட்டு வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்த கலாவதியை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த மாதிரியான மர்ஷாந்தீஸ்?"

"மிகத் தரமானது. ரொறன்ரோவிலிருந்து வந்தது" என்றான் பிருந்தாபன்.

நோ மருந்தின் மயக்கம் முழுதாகத் தெளியாத நிரோஜினிதான் கட்டிலில் இருந்து கையைத் தூக்கினாள். "சூப், டொக்டர்" என்றாள் பிரெஞ்சில். "மிளகு, சீரகம், உள்ளி, மீன். சூப்தான்." டொக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நாலைந்து நாள் போகட்டும், வயிறு சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்தபிறகு நிரோஜினிக்கு ஒரே கவலை. மாமிக்குத் தெரிந்துவிட்டது, சரி. தெருவுக்கு என்ன சொல்வது? பிள்ளை பிறந்தது என்று சொன்ன அதே வாய்கள் இனிப் பிள்ளை செத்தது என்று சொல்லும், அல்லது பொய்ப் பிள்ளை என்று சிரிக்கும். "நான் இனி உந்தத் தெருவாலை எப்பிடிப் போறது?" என்று கேட்டாள். பிருந்தாபன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, திப்பிலி முடிந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டு கலாவதி கீழே இறங்கிவிட்டார். படியிறங்கும்போது அவர் எதையோ முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டு போனது இவர்களுக்குக் கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம். குணரத்தினத்தார் கடையில் நிற்க இடமில்லை. மேலே இவர்களுடைய யன்னல் திறந்திருந்தது. கலாவதியின் குரலுக்கு யன்னல் திறந்திருக்கவேண்டும் என்றும் இல்லை.

"அக்கா, வாங்கோ! திப்பிலியோ? இந்தாங்கோ. பேரனோ, பேத்தியோ? ஒருத்தரும் பிள்ளையைக் காணேல்லை எண்டு சனம் கேக்குது."

"பிள்ளை பிறந்தது எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"தம்பிதான்... சரக்கு அவியுது எண்டு..."

"சரக்கு அவிஞ்சால் பிள்ளையோ? பிள்ளை பெத்தவளுக்கு மட்டுந்தான் நீர் திப்பிலி விப்பீரோ? என்ரை மருமேளுக்கு வருத்தம். பேர் ஆந்தோமெத்ரியோஸ்."

"மெத்ரோவிலை விழுந்திட்டாவோ?" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் பதறினாள்.

"மெத்ரோ இல்லை! ஆந்தோ-மெத்ரியோஸ்! கர்ப்பப்பை வருத்தம். மாதாமாதம் உயிர் போய் வாற நோவு. பதினாறு, பதினேழு வருசமாய் அந்தப் பிள்ளை சொல்லிச்சு, நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. இப்ப வெட்டித் துப்புரவாக்கி இருக்கு. உங்கடை வீட்டிலையும் பெட்டையள் நோகுது எண்டு சொன்னால் பெரோலைக் குடுத்து எழுப்பாதேங்கோ, டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இனி ஆரும் என்ரை மருமேளின்ரை வயித்தைப் பாத்துக் கதைச்சால் என்னட்டை வரட்டும். திப்பிலியை வடிவாய் நிறுத்துத் தாரும்."

மேலே தண்டவாளத்தில் ஒரு மெத்ரோ போய் முடிந்தது. பிறகு, வரிசையில் நின்ற ஒருத்தி மெல்லிய குரலில், "எந்த ஆஸ்பத்திரி அக்கா?" என்று கேட்டது மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

கட்டிலில் நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பிருந்தாபன் பயந்து கிட்டப் போனான். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் சிரிப்பும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. "மெத்ரோவிலை விழுந்திட்டாவோ" என்று சொல்லி இன்னும் சிரித்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணிநேரத்தில் கலாவதி சுறாவும் சரக்குமாக ஆவி பறக்கிற கோப்பையோடு வந்து கட்டிலடியில் இருந்தார். லூர்துசாமி படியில் மறித்து, இந்தச் சரக்காவது ஏறுமா என்று கேட்டாராம்.

"சிரிப்பு மூட்டாதேங்கோ மாமி, தையல் நோகுது."

"சரி, குடி. இனி முப்பத்தொரு நாளைக்கு நீ கட்டிலை விட்டு இறங்கி ஒரு அலுவலும் பாக்கக்கூடாது. தலை நனைக்கக்கூடாது. சமையல் நான்."

"அது பிள்ளை பெத்தவைக்கெல்லோ மாமி? எனக்குத்தான் பிள்ளை இல்லையே."

கலாவதி கரண்டியை ஊதி ஆற்றி அவளுடைய வாயருகே கொண்டுபோனார்.

"அதாலைதான் சொல்லுறன், வடிவா நித்திரை கொள்" என்றார். "ரொறன்ரோவிலை பிள்ளை அழுதழுது என்ரை மகளுக்கு அந்தக் குடுப்பினை கிடைக்கேல்லை."